பனிமலைக்குப் பாதிக் கட்டணம்!

ஆல்ப்ஸ் மலையை ரெயிலில் சிக்கனமாகச் சுற்றிப் பார்க்க வழி

பனிமலையைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இல்லை?

சினிமாவில் பார்க்கிறோம். கதாநாயகனும் கதாநாயகியும் பாட்டுப் பாடிக்கொண்டு பனியில் ஓடுகிறார்கள். பின்னால் மலை. மலை முழுவதும் வெள்ளை வெளேர் என்று பனி. மலைச் சரிவில் பொம்மை போல ஒரு சிவப்பு ரெயில் ஏறிப் போகிறது.

அந்த மலைதான் ஆல்ப்ஸ். ஐரோப்பாவின் நடுவே, பல நாடுகளுக்குள் நீண்டு கிடக்கிறது. அதன் மிக அழகான பகுதிகளில் பல சுவிட்சர்லாந்து நாட்டில் இருக்கின்றன.

ஒரு காலத்தில் அது நமக்கு எட்டாத கனி. இன்று அப்படி இல்லை. தமிழ்ப் பிள்ளைகள் ஜெர்மனியில் வேலை பார்க்கிறார்கள். சுவிட்சர்லாந்திலேயே ஈழத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் வாழ்கிறார்கள். மகளைப் பார்க்க, பேரனைப் பார்க்க என்று ஊரில் இருந்து பெரியவர்களும் விமானம் ஏறுகிறார்கள். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். இரண்டு நாள் பனிமலையையும் பார்த்துவிடலாமே!" என்று நினைக்கிறார்கள்.

அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. மலை இலவசம். மலைக்குப் போகும் ரெயில் இலவசம் அல்ல!

"நான் கீழேயே இருக்கிறேன்"

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பாருங்கள். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். மூத்தவளுக்கு வயது 12. இளையவனுக்கு வயது 8. கணவனுக்கு ஜெர்மனியில் வேலை. பள்ளிக்கூட விடுமுறைக்கு மூன்று நாள் பயணமாகச் சுவிட்சர்லாந்து வந்திருக்கிறார்கள்.

இண்டர்லாக்கன் என்ற ஊரில் ரெயிலை விட்டு இறங்குகிறார்கள். இரண்டு ஏரிகளுக்கு நடுவே இருக்கும் ஊர் அது. ஊரின் பெயருக்கே "ஏரிகளுக்கு இடையே" என்றுதான் பொருள். அங்கிருந்துதான் யுங்பிரா மலைக்குப் போக வேண்டும்.

டிக்கெட் கொடுக்கும் இடத்தில் கணவன் விலை கேட்கிறான்.

கோடைக் காலத்தில் போக வர ஒருவருக்கு 200 பிராங்குக்கு மேல்!

பிராங்க் என்பது சுவிட்சர்லாந்து நாணயம். ஒரு பிராங்க் ஏறத்தாழ 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கணக்குப் போட எளிது. அப்படியானால் ஒரு ஆளுக்கு 20 ஆயிரம் ரூபாய்!

கணவன் வாயைத் திறக்கவில்லை. மனதுக்குள் பெருக்கிப் பார்க்கிறான். மனைவிக்கு அவன் முகம் தெரியாதா?

"நீங்கள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போய் வாருங்கள். நான் கீழேயே இருக்கிறேன். பனிதானே? இங்கிருந்தே தெரிகிறதே!" என்கிறாள்.

குடும்பத்தில் காசு குறைந்தால் முதலில் தன் ஆசையை மடித்து வைப்பவள் தாய்தான். ஆனால் அவள் கீழே உட்கார்ந்திருக்க வேண்டியது இல்லை. டிக்கெட் வாங்கும் முறை தெரிந்தால், அதே பணத்தில் நான்கு பேரும் மலையைப் பார்க்கலாம்.

அந்த முறை என்ன என்று பார்ப்போம்.

ஏன் இத்தனை விலை?

முதலில், இந்த ரெயிலுக்கு ஏன் இத்தனை விலை என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

1893-ம் ஆண்டு, ஆகஸ்டு மாதம். அடால்ப் குயர்-செல்லர் என்ற சுவிட்சர்லாந்து தொழில் அதிபர், தன் மகளோடு மலையில் நடந்து கொண்டிருந்தார். எதிர் மலையின் இடுப்பில் ஒரு ரெயில் ஊர்ந்து போவதைக் கண்டார். "இடுப்பு வரை போகிற ரெயில், உச்சி வரை ஏன் போகக் கூடாது?" என்ற எண்ணம் அவருக்கு வந்தது. அன்று இரவே ஓட்டல் அறையில் உட்கார்ந்து, ஒரு காகிதத்தில் பாதையைக் கோடு போட்டுவிட்டார்.

மலைக்கு வெளியே பாதை போட்டால் பனி மூடிவிடும். ஆகவே மலையின் வயிற்றைக் குடைந்து போவது என்று முடிவு செய்தார்.

1896-ல் வேலை தொடங்கியது. ஏழு ஆண்டில் முடியும் என்று கணக்குப் போட்டார்கள். 16 ஆண்டு ஆனது. பாறையைப் பிளக்க வெடி வைத்தார்கள். இத்தாலி நாட்டில் இருந்து வந்த கூலித் தொழிலாளிகள் குளிரிலும் இருட்டிலும் பாறை உடைத்தார்கள். 1899-ல் நடந்த ஒரு வெடி விபத்தில் தொழிலாளிகள் உயிர் இழந்தார்கள். அதே ஆண்டு குயர்-செல்லரும் காலமானார். தன் ரெயில் உச்சிக்குப் போனதை அவர் பார்க்கவில்லை.

1912-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி, சுவிட்சர்லாந்தின் தேசிய நாளில், ரெயில் மேலே போய்ச் சேர்ந்தது. அந்த நிலையத்தின் உயரம் 11 ஆயிரத்து 332 அடி. ஐரோப்பாவிலேயே மிக உயரத்தில் உள்ள ரெயில் நிலையம் அதுதான். பாதையின் நீளம் 9 கிலோ மீட்டருக்குச் சற்று அதிகம். அதில் 7 கிலோ மீட்டர் சுரங்கம்!

இது மலையில் ஏறுவதற்கென்றே போட்ட தனிப் பாதை. இதை நடத்துவது தனி கம்பெனி. சமவெளியில் ஓடும் ரெயிலைப் போல இதற்குக் கட்டணம் வைப்பது இல்லை. விலை கூடியதற்குக் காரணம் இதுதான்.

பாதிக் கட்டண அட்டை

ஆனால் இந்த விலையை உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் கொடுக்கிறார்களா? இல்லை!

சுவிட்சர்லாந்து மக்களிடம் ஒரு ரகசியம் இருக்கிறது. அதன் பெயர் பாதிக் கட்டண அட்டை. பணம் கட்டி அந்த அட்டையை வாங்கி வைத்துக்கொண்டால், ரெயில், பஸ், ஏரிக் கப்பல் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் பாதிப் பணம் கொடுத்தால் போதும்.

இது நேற்று முளைத்தது அல்ல. 1891-ம் ஆண்டிலேயே இப்படி ஒரு அட்டை அங்கே வந்துவிட்டது. 1980-ம் ஆண்டுகளில் கார்ப் புகையால் காடுகள் அழிகின்றன என்ற கவலை அந்த நாட்டில் எழுந்தது. மக்களைக் காரில் இருந்து இறக்கி ரெயிலில் ஏற்ற வேண்டும் என்று அரசாங்கம் நினைத்தது. 1987-ல் அட்டையின் விலையை 100 பிராங்காகக் குறைத்தார்கள். மக்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். இன்று அந்த நாட்டில் 20 லட்சம் பேருக்கு மேல் இந்த அட்டையை வைத்திருக்கிறார்கள். நாட்டின் மொத்த ஜனத்தொகையே சுமார் 90 லட்சம்தான்!

வெளிநாட்டுப் பிரயாணிகளுக்கு என்று இதே மாதிரி ஒரு அட்டை இருக்கிறது. ஒரு மாதம் செல்லும். 2024-ம் ஆண்டில் அதன் விலை 120 பிராங்க். யுங்பிரா ரெயிலுக்கும் இந்த அட்டை இருந்தால் பாதிக் கட்டணம்தான்.

இது லாபமா, நஷ்டமா? கணக்கு மிக எளிது.

அட்டை விலையின் இரண்டு மடங்கைப் பாருங்கள். 120-க்கு இரண்டு மடங்கு 240. பயணம் முழுவதற்கும் ஒருவருக்கு ஆகும் சாதாரணக் கட்டணத்தைக் கூட்டுங்கள். அது 240-ஐத் தாண்டினால் அட்டை லாபம். தாண்டாவிட்டால் அட்டை வேண்டாம்.

அட்டையின் விலை ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆனால் "இரண்டு மடங்கு" என்ற கணக்கு மாறாது.

முழுச் சீட்டு

இன்னொரு வழியும் இருக்கிறது. வெளிநாட்டுப் பிரயாணிகளுக்கு "சுவிஸ் பயணச் சீட்டு" என்று ஒன்று விற்கிறார்கள். மூன்று நாள், நான்கு நாள், ஆறு நாள் என்று நாள் கணக்கில் வாங்கலாம். அதை வாங்கிவிட்டால் அத்தனை நாளும் நாட்டின் ரெயில், பஸ், ஏரிக் கப்பல் ஏறக்குறைய எல்லாவற்றிலும் தனி டிக்கெட் இல்லாமல் போகலாம். 2024-ல் மூன்று நாள் சீட்டின் விலை, இரண்டாம் வகுப்புக்கு 244 பிராங்க்.

"அப்படியானால் இதையே வாங்கிவிடலாமே!" என்று அவசரப்படக் கூடாது.

இந்தச் சீட்டு எல்லா மலை உச்சிக்கும் செல்லாது. யுங்பிரா பாதையில் பாதி மலை வரைதான், அதாவது கிரிண்டல்வால்டு அல்லது வெங்கன் என்ற ஊர் வரைதான் இது செல்லும். அதற்கு மேலே 25 சதவீதம் தள்ளுபடி மட்டுமே. பாதிக் கட்டண அட்டைக்கோ உச்சி வரை பாதி விலை!

ஆகவே இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்:

விலை கூடிய மலை உச்சிக்குப் போவதுதான் முக்கிய நோக்கமா? பாதிக் கட்டண அட்டை வாங்குங்கள்.

ஊர் ஊராக, ஏரி ஏரியாக, தினமும் ரெயிலில் சுற்றப் போகிறீர்களா? முழுச் சீட்டு வாங்குங்கள்.

இந்த இரண்டையும் மாற்றி வாங்கிவிட்டு வருத்தப்படுகிறவர்கள் பலர்.

குழந்தைகளுக்கு இலவசம்

இந்த அட்டைகளோடு இன்னொரு சலுகையும் சேர்ந்து வருகிறது. அதைப் பலர் கேட்டு வாங்குவதே இல்லை.

6 வயது முதல் 15 வயது வரை உள்ள குழந்தைகள், அட்டையோ சீட்டோ வைத்திருக்கும் தாய் அல்லது தந்தையுடன் போனால் இலவசமாகப் போகலாம். இதற்குக் "குடும்ப அட்டை" என்று பெயர். இதற்குத் தனி விலை கிடையாது. கேட்டால் கொடுப்பார்கள். 6 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் பெரியவர்களுடன் போகும்போது எப்போதுமே டிக்கெட் வேண்டாம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். குழந்தையுடன் தாயோ தந்தையோ வர வேண்டும். தாத்தா பாட்டியுடன் மட்டும் போனால் இந்தச் சலுகை இல்லை. பாதி டிக்கெட் வாங்க வேண்டும்.

இப்போது நம் குடும்பத்தின் கணக்கைப் பார்ப்போம்.

மூன்று நாள் பயணத்துக்கு ஒரு பெரியவருக்குச் சாதாரணக் கட்டணம் 400 பிராங்க் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். குழந்தைக்கு அதில் பாதி, 200.

அட்டை எதுவும் இல்லாமல் போனால்: பெரியவர்கள் இருவருக்கு 800. குழந்தைகள் இருவருக்கு 400. மொத்தம் 1,200 பிராங்க். நம் கணக்கில் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்!

பாதிக் கட்டண அட்டையுடன் போனால்: இரண்டு அட்டைக்கு 240. பெரியவர்கள் டிக்கெட் 200 வீதம் 400. குழந்தைகளுக்கு இலவசம். மொத்தம் 640.

முழுச் சீட்டுடன் போனால்: 244 வீதம் இருவருக்கு 488. குழந்தைகளுக்கு இலவசம். ஆனால் சீட்டு செல்லாத மலை உச்சிக்குப் போனால், அந்தச் செலவைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

1,200 எங்கே? 640 எங்கே? 488 எங்கே? ரெயில் அதேதான். மலையும் அதேதான்!

இவை 2024-ம் ஆண்டு விலைகள். புறப்படும் முன்பு அன்றைய விலையைப் போட்டு, இதே மாதிரி ஒரு காகிதத்தில் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

ஒரே பாதை; இரண்டு ரெயில்

அடுத்த ரகசியம் இன்னும் சுவையானது.

சுவிட்சர்லாந்தில் பெயர் பெற்ற ரெயில்கள் சில உண்டு. அவற்றில் ஒன்று பெர்னினா எக்ஸ்பிரஸ். கூரை வரை கண்ணாடி வைத்த பெட்டிகள். உட்கார்ந்த இடத்தில் இருந்தே மலை உச்சியைப் பார்க்கலாம். உலகம் முழுவதும் இருந்து மக்கள் வருகிறார்கள். டிக்கெட் எடுத்தால் மட்டும் போதாது. இடத்துக்கு முன்பதிவு செய்து அதற்கும் தனிப் பணம் கட்ட வேண்டும்.

ஆனால் அதே தண்டவாளத்தில் சாதாரண ரெயிலும் ஓடுகிறது! செயின்ட் மோரிட்ஸ் என்ற ஊரில் இருந்து இத்தாலியின் எல்லையில் உள்ள திரானோ வரை, பகலில் ஏறத்தாழ மணிக்கு ஒரு வண்டி. அதற்கு முன்பதிவு இல்லை. தனிப் பணமும் இல்லை. பாதிக் கட்டண அட்டையும் செல்லும். முழுச் சீட்டும் செல்லும்.

அதே மலை. அதே பாலம். அதே பனி. இன்னும் சொல்லப் போனால், சாதாரண ரெயிலில் திறக்கக்கூடிய ஜன்னல்கள் உள்ள பெட்டிகளும் வருகின்றன. படம் பிடிக்கிறவர்களுக்கு அதுதான் வசதி. கண்ணாடிப் பெட்டியின் ஜன்னலைத் திறக்க முடியாது.

இந்தப் பாதையின் நீளம் 61 கிலோ மீட்டர். போய்ச் சேர ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகும். 1908-க்கும் 1910-க்கும் இடையில் திறந்தார்கள். நடுவே பல் சக்கரம் கிடையாது. சாதாரணத் தண்டவாளத்திலேயே ரெயில் மலை ஏறுகிறது. 100 அடி முன்னே போனால் 7 அடி மேலே ஏறும் செங்குத்து!

வழியில் என்ன என்ன பார்க்கலாம்?

மொர்த்தராட்ச் என்ற பனியாறு தெரியும். ஆறு உறைந்து கிடப்பது போல மலைச் சந்தில் பனி படிந்து கிடக்கும். உலகம் சூடாகி வருவதால், அது ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிப் பின்வாங்கிக்கொண்டே போகிறது. நம் பேரப்பிள்ளைகள் வரும்போது இன்னும் குறைந்திருக்கும்.

அதைத் தாண்டினால் "வெள்ளை ஏரி". பக்கத்தில் பெர்னினா உச்சி நிலையம். உயரம் 7 ஆயிரத்து 392 அடி. நம் ஊட்டியும் ஏறக்குறைய இதே உயரம்தான். ஆனால் இங்கே குளிர்காலத்தில் ஏரியே உறைந்துவிடும்! ஊட்டி பூமத்திய ரேகைக்குப் பக்கம்; இது வடக்கே வெகு தூரம். அதுதான் வித்தியாசம்.

பிறகு ரெயில் சரசர என்று இறங்கத் தொடங்கும். புருசியோ என்ற ஊரில் ஒரு வேடிக்கை. வட்டமாக ஒரு பாலம். ரெயில் அந்தப் பாலத்தின் மேலே சுற்றி வந்து, அதே பாலத்தின் அடியில் நுழைந்து போகும். ஜன்னல் வழியாகப் பார்த்தால் நம் ரெயிலின் வாலே நமக்குத் தெரியும். குழந்தைகள் கைதட்டுவார்கள்!

கடைசியில் திரானோ. உயரம் 1,400 அடிதான். வழியில் பனி, இங்கே திராட்சைத் தோட்டம். ஊருக்குள் தெருவோடு தெருவாக ரெயில் ஓடுகிறது.

இந்தப் பாதையையும், அதோடு சேர்ந்த ஆல்புலா பாதையையும் 2008-ம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்தப் பெருமை கண்ணாடிப் பெட்டிக்கு மட்டும் அல்ல, பாதைக்குத்தான். சாதாரண ரெயிலில் போகிறவருக்கும் அதில் பங்கு உண்டு.

"கிளேசியர் எக்ஸ்பிரஸ்" என்ற இன்னொரு பெயர் பெற்ற ரெயிலுக்கும் இதே கதைதான். செர்மாட் ஊரில் இருந்து செயின்ட் மோரிட்ஸ் வரை சுமார் எட்டு மணி நேரம் போகும். அதில் முன்பதிவு கட்டாயம். அதே பாதையில் சாதாரண ரெயில்களில் மாறி மாறி ஏறிப் போனால் முன்பதிவுச் செலவு மிச்சம்.

மேகம் வந்தால்?

சுவிட்சர்லாந்து ரெயில்வேயில் இன்னொரு மலிவு டிக்கெட்டும் உண்டு. பல நாள் முன்னதாக வாங்கினால், சில ரெயில்களில் 70 சதவீதம் வரை கூடத் தள்ளுபடி கிடைக்கும். ஒரு நாள் முழுவதும் நாடு சுற்றும் மலிவுச் சீட்டும் இருக்கிறது. அதையும் எவ்வளவு முன்னதாக வாங்குகிறோமோ அவ்வளவு மலிவு.

ஆனால் மலிவுக்கு ஒரு கட்டு உண்டு. தள்ளுபடி டிக்கெட்டில் எழுதிய ரெயிலில்தான் போக வேண்டும். அந்த ரெயிலைத் தவறவிட்டால் டிக்கெட் வீண். வேறு டிக்கெட் வாங்க வேண்டும். பணம் திரும்பி வராது.

நாம் தேதி குறித்து டிக்கெட் வாங்கிவிடலாம். மலை தேதி கொடுக்குமா?

மலையில் வானிலை நிமிடத்துக்கு நிமிடம் மாறும். காலையில் பளிச் என்று இருக்கும். மதியம் மேகம் மூடிவிடும். 200 பிராங்க் கொடுத்து உச்சிக்குப் போய், கண் எதிரே ஒரு வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர்!

இதற்கு வழி இருக்கிறது.

மலை அடிவாரம் வரை போகும் நீண்ட ரெயில் பயணத்துக்கு மலிவு டிக்கெட்டை முன்னதாக வாங்கலாம். எப்படியும் அந்த ஊருக்குப் போகத்தானே போகிறோம்? ஆனால் மலை உச்சி டிக்கெட்டை முன்னதாக வாங்கக் கூடாது. அன்று காலையில்தான் வாங்க வேண்டும்.

பெரிய மலைகளின் உச்சியில் காமிரா வைத்திருக்கிறார்கள். இந்த நிமிடம் மலை எப்படி இருக்கிறது என்று கீழே இருந்தே செல்போனில் பார்க்கலாம். வானம் தெளிவாக இருந்தால் வாங்குங்கள். மேகமாக இருந்தால் அன்று ஏரிக்குப் போங்கள். மறுநாள் மலைக்குப் போங்கள்.

பாதிக் கட்டண அட்டையின் பெரிய நன்மையும் இதுதான். அது எந்த ரெயிலோடும் கட்டிப் போடுவது இல்லை. ஒரு மாதத்தில் எந்த நாளும் பாதி விலை. மேகம் கலையும் வரை காத்திருக்கலாம்.

சிக்கனமான மலை

"யுங்பிராவுக்குப் பாதிக் கட்டணமும் கட்டுபடி ஆகவில்லை" என்பவர்களுக்கு ரிகி மலை இருக்கிறது.

லூசெர்ன் நகரில் இருந்து ஏரிக் கப்பலில் ஏறினால், ஒரு மணி நேரத்தில் விட்ஸ்னாவ் என்ற கரை ஊர். அங்கிருந்து பல் சக்கர ரெயிலில் சுமார் அரை மணி நேரம். உச்சி வந்துவிடும். முழுச் சீட்டு வைத்திருப்பவருக்குக் கப்பலும் இலவசம். மலை ரெயிலும் இலவசம்!

ரிகியின் உயரம் சுமார் 5,900 அடி. கோடையில் உச்சியில் பனி இருக்காது. ஆனால் உச்சியில் நின்றால், சுற்றிலும் ஆல்ப்ஸ் பனிச் சிகரங்கள் வரிசை கட்டி நிற்பது தெரியும். கீழே ஏரிகள். பனியை மிதிக்க வேண்டும் என்பவருக்கு யுங்பிரா. பனியைப் பார்த்தால் போதும் என்பவருக்கு ரிகி.

ஐரோப்பாவின் முதல் பல் சக்கர மலை ரெயில் இதுதான். 1871-ல் ஓடத் தொடங்கியது. கட்டியவர் ரிக்கன்பாக் என்ற என்ஜினீயர்.

அவருக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டு. நீலகிரிக்கு ரெயில் விட முடியுமா என்று ஆராய அவரை அழைத்தார்கள். 1882-ல் அவர் நீலகிரிக்கு வந்தார். பிறகு மேட்டுப்பாளையம் பாதையில் போட்ட பல் தண்டவாளம், ஆப்ட் என்ற இன்னொரு சுவிட்சர்லாந்து என்ஜினீயர் கண்டுபிடித்த முறை. அந்தப் பாதையின் பெயர் பெற்ற நீராவி என்ஜின்களும் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்தவை. ஊட்டி ரெயிலில் போனவர்களுக்கு ரிகி ரெயிலின் கடகட சத்தம் புதிதாக இருக்காது!

ஜெர்மனியில் இருந்து

சுவிட்சர்லாந்து வரை போக முடியாதவர்கள், ஜெர்மனியிலேயே ஆல்ப்ஸ் மலையைப் பார்க்கலாம்.

மியூனிக் நகரில் இருக்கும் தமிழர்களுக்கு இது தெரியும். பவேரியா மாநிலத்துக்கு என்று ஒரு நாள் டிக்கெட் விற்கிறார்கள். ஒரே டிக்கெட்டில் ஐந்து பேர் வரை சேர்ந்து போகலாம். ஆள் சேரச் சேர ஒருவருக்கு ஆகும் செலவு குறையும். அதைக் கொண்டு கார்மிஷ் என்ற மலை ஊருக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் போகலாம். எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகருக்கும் போகலாம்.

நிபந்தனைகள் இரண்டு. வாரநாளில் காலை 9 மணிக்கு மேல்தான் இது செல்லும். சனி, ஞாயிறு என்றால் காலையிலேயே கிளம்பலாம். உள்ளூர் ரெயில்களில்தான் ஏறலாம். அதிவேக ரெயிலில் ஏறக் கூடாது.

கார்மிஷில் இருந்து ஜெர்மனியின் உயர்ந்த சிகரமான சுக்ஸ்பிட்செக்கு மலை ரெயில் போகிறது. அதற்கு இந்த டிக்கெட் செல்லாது. தனி டிக்கெட் எடுக்க வேண்டும். ஊரில் நின்று அண்ணாந்து பார்ப்பதற்கு டிக்கெட் வேண்டாம்!

கவனம்!

ரெயிலில் போகும்போது சிலவற்றை மறக்கக் கூடாது.

சுவிட்சர்லாந்து ரெயில் நிலையத்தில் கேட்டில் நின்று டிக்கெட் கேட்க யாரும் இல்லை. "யாரும் கேட்கவில்லையே" என்று ஏறிவிடக் கூடாது. ரெயிலுக்குள் பரிசோதகர் வருவார். டிக்கெட் இல்லாவிட்டால் ஏறத்தாழ 100 பிராங்க் வரை தண்டம் கட்ட நேரும். மிச்சம் பிடித்த பணம் அதிலேயே போய்விடும்.

பாதிக் கட்டண அட்டையைக் காட்டி வாங்கிய டிக்கெட்டுக்கு, அட்டையும் கையில் இருக்க வேண்டும். பெயர் சரிபார்க்கக் கேட்பார்கள். பாஸ்போர்ட்டை ஓட்டலில் வைத்துவிட்டுப் போகக் கூடாது.

பெரும்பாலான சாதாரண ரெயில்களில் இடம் ஒதுக்குவது கிடையாது. காலியாக உள்ள இடத்தில் உட்காரலாம். "முன்பதிவு செய்ய வேண்டும்" என்று யாராவது பணம் கேட்டால், அது எந்த ரெயிலுக்கு என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேளுங்கள்.

மலை மேல் சாப்பாட்டு விலையும் மலை போலத்தான் இருக்கும். கட்டுச் சாதம் கட்டிக்கொண்டு போகலாம். ரெயிலில் சாப்பிடத் தடை இல்லை. புளியோதரையின் மணம் ஆல்ப்ஸ் மலைக்குப் புதிது அல்ல!

11 ஆயிரம் அடி உயரத்தில் காற்றில் பிராணவாயு குறைவு. படிகளில் ஓடக் கூடாது. இருதய நோய், மூச்சு நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது. கைக்குழந்தைக்கும் அப்படித்தான்.

தாயும் ஏறினாள்

மீண்டும் இண்டர்லாக்கனுக்கு வருவோம்.

நம் குடும்பம் முன்னதாகவே கணக்குப் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்?

கணவனும் மனைவியும் புறப்படும் முன்பே ஆளுக்கு ஒரு பாதிக் கட்டண அட்டை வாங்கியிருப்பார்கள். குழந்தைகளுக்குக் குடும்ப அட்டை கேட்டிருப்பார்கள். முதல் நாள் ஏரி. இரண்டாம் நாள் காலை, செல்போனில் மலையைப் பார்த்திருப்பார்கள். வானம் தெளிவு. அதன் பிறகே டிக்கெட் வாங்கியிருப்பார்கள்.

கணவன் முகத்தில் கவலை இருந்திருக்காது. "நான் கீழேயே இருக்கிறேன்" என்ற வார்த்தையும் வந்திருக்காது.

பனி எல்லோருக்கும் பொது. அதைக் காட்டும் ரெயிலுக்குத்தான் பல விலைகள். பணம் நிறைய இருப்பவர் அதிக விலை கொடுத்துவிட்டுப் போகட்டும். நமக்குப் பேனாவும் காகிதமும் பத்து நிமிடமும் இருந்தால் போதும்.

ரெயில் மேலே போய்ச் சேருகிறது. குழந்தைகள் ஓடிப் போய்ப் பனியை அள்ளி வருகிறார்கள். முதல் பிடிப் பனியை அம்மா கையில் வைக்கிறார்கள். அது சில்லென்று சுடுகிறது. அவள் கையை உதறவில்லை.